பாண் பாட்டுப் போடும் போர்க்லிஃப்ட்

நெடுங்கேணி,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்குமுரிய வீரகத்தி அத்தானுக்கு,

நானும் வீட்டாரும் நல்ல சுகம், அக்காவும் நீங்களும் பூநகரியில் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். போனில் சொன்னால் "சரி, சரி" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வேலை பிடித்துத் தந்த அரிசி ஆலையில் நான்கு வருடமாக மூட்டை தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். பாரத்தைத் தாழ்த்தி ஓட்டு, ஆளை ஏற்றாதே, பின்னுக்கு எடுக்கும்போது திரும்பிப் பார், அவ்வளவுதான் வேதம். பின்னுக்கு எடுத்தால் வண்டியும் தன்பாட்டில் கீ கீ என்று கத்தும். மாசியில் எலி வயரைக் கடித்தது, கத்தல் நின்றது. மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். நாலாம் தரம் மனேச்சர் ஒரு பெட்டியோடு வந்தார். பேக்கரிப் பாணும் பணிசும் ஏற்றித் தெருத்தெருவாய்ப் பாட்டுப் போட்டு விற்று, பிறகு தொழிலை விட்ட ஒரு ஆட்டோக்காரனிடம் வாங்கிய பாட்டுப் பெட்டி. "சேர், இது பாண் விக்கிற பாட்டெல்லோ?" என்றேன். "சத்தம் வரவேணும் எண்டுதானே கேட்டனீர்? வருது. போய் ஓட்டும்" என்றார்.

அன்று பின்னேரமே, நான் நெல்லு மூட்டையோடு பின்னுக்கு எடுக்கப் பாட்டு எழும்பியது, கேற்றுக்குள்ளால் நாலு பெண்கள் பையோடு ஓடி வந்தார்கள். "அண்ணை, சீனிப் பணிஸ் இருக்கோ?" வண்டிச் சில்லுக்கு மூன்றடி தள்ளி நின்று கேட்கிறார்கள், அத்தான். மற்ற இடங்களில் சத்தம் கேட்டால் ஆட்கள் விலகுவார்கள், இங்கே கூடுகிறார்கள். மனேச்சரிடம் முறையிட்டேன். அவர் "பாதுகாப்பே முதன்மை" என்று ஒரு பதாகை அடிப்பித்து, வளைவில் வருகிற ஆளைக் காட்டுகிற கண்ணாடியை மூடி அதற்கு மேலேயே மாட்டிவிட்டார். பிறகு உண்மையான பாண்காரர் வந்து, தன் வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று என்னைத் தூஷணத்தால் ஏசிவிட்டு, தேத்தண்ணி நேரத்துக்குத் தானும் ஆலை முற்றத்துக்கு வரத் தொடங்கினார். ஒரே முற்றம், ஒரே பாட்டு. எது பாண், எது நான் என்று ஆருக்குத் தெரியும்?

போன வியாழன், சிந்துகிற நெல்லைக் கூட்டுகிற கமலாட்சி அக்கா, என் பாட்டைக் கேட்டு, பேரப்பிள்ளைக்குப் பணிஸ் வாங்கவென்று மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தா. நான் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் எடுத்தனான், அத்தான். பாத்துப் பாத்தே கழுத்துப் பிடிச்சு, நல்லெண்ணெய் பூசின மனுசன் நான். பிரேக் அடிச்சனான். அடிச்சும் இடது காலிலை சில்லு ஏறிட்டுது. மூன்று விரல் முறிவு. அவா கத்தின சத்தம் இன்னும் காதுக்குள்ளை நிக்குது.

விசாரணை என்று மனேச்சரே கேட்டார், மனேச்சரே எழுதினார்: "ஓட்டுநர் பின்னால் பார்க்கவில்லை." பாட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நான் அதில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தால் இனி வண்டியைத் தொட முடியாது, மூட்டை தூக்க வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் என் முதுகு அதற்குச் சம்மதிக்குமா? தலை போனாலும் வைக்கமாட்டேன். முதலாளி உங்களோடு படித்தவர். ஒருக்கா நேரில் போய்க் கதையுங்கோ, அத்தான்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்கு வேறொரு மனேச்சரையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
நிரஞ்சன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கிடையில் கமலாட்சி அக்கா கட்டுப்போட்ட காலோடு ஆட்டோ பிடித்து வந்தா. "தம்பி, நீ பாத்தனி எண்டு எனக்குத் தெரியும். ஆனா நீ கையெழுத்து வைக்காட்டி எனக்கு மருந்துச் செலவு தரமாட்டினமாம், ஆலையிலை வேலை செய்யிற என்ரை மகளையும் நிப்பாட்டுவினமாம்" என்று சொல்லிவிட்டு, கதிரையில் சாய்ந்திருந்து அழுதா. போய் வைத்துவிட்டேன். ஆகவே முதலாளியோடு ஒன்றும் கதைக்காதேங்கோ. என் அக்காவுக்கும் சொல்லாதேங்கோ. அவா வந்து மனேச்சருக்கு ஏசினால், அதற்கும் என்னிடம்தான் கையெழுத்து வாங்குவார்கள்.