உலக சுகாதார ஆட்சியில் எம். புதுப்பட்டியின் பங்கு

உலக மக்களின் ஆரோக்கியத்தை இனி அரசாங்கங்கள் மட்டும் ஆளக் கூடாது, தொண்டு நிறுவனங்களும் கூடச் சேர்ந்து ஆள வேண்டும் என்று உலக நலவாழ்வு மாமன்றம் தீர்மானித்த பொன்னாளில், எம். புதுப்பட்டி பொன்னுத்தங்கத்துக்கும் ஆட்சியில் ஒரு பங்கு கிடைத்தது.

பட்டாசுக் கம்பெனி விபத்தில் வலது கை விரல்கள் ஒட்டிப்போனவள் அவள். தன்னைப் போன்ற நாற்பது பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்தினாள். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஊர் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கு ஒரு அறை, ஒரு டாக்டர். இவ்வளவு சின்ன விஷயத்தை உள்ளூரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால், உலகத்திடமே சொல்லும்படி அவளை விமானம் ஏற்றினார்கள்.

கூட்டிப்போனவர் விக்னேஷ்குமார், சென்னைத் தொண்டு நிறுவனக் கூட்டமைப்பின் ‘பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்’. விமானத்திலேயே நற்செய்தி சொன்னார்.

“முப்பது அமைப்புக்கும் சேர்த்து ஒரே அறிக்கைதான்க்கா. ஒரு நிமிஷம் குடுத்திருக்காங்க.”

“அதுல எனக்கு எம்புட்டு நேரம் தம்பி?”

“ரெண்டு செகண்டு. ஆனா உலகமே கேக்கும்.”

அவள் எழுதிக்கொடுத்த பேச்சு மூன்று நாள் திருத்தப்பட்டது. ‘கம்பெனி’ என்ற சொல் யாரையோ புண்படுத்தும் என்று நீங்கியது. ‘வெந்துபோனோம்’ என்பது ‘வெப்பம் சார்ந்த சவால்களை எதிர்கொண்டோம்’ என்று பண்பட்டது. பிறகு நீளம் கருதி அதுவும் போனது.

“இதுல எங்க பேச்சு எங்கன இருக்கு?”

விக்னேஷ்குமார் விரல் வைத்துக் காட்டினார். “இந்த ‘மற்றும்’ உங்களோடதுதான்க்கா. இது இல்லாட்டி வாக்கியமே நிக்காது.”

மாமன்றத்தில் அவளுக்குக் கடைசி வரிசை. ‘பார்வையாளர்’ என்பதால் மைக் கிடையாது, பார்க்கலாம். மொழிபெயர்ப்புக் காதுக்கருவியை அவள் சரிசெய்து முடிப்பதற்குள் அவளுடைய சொல் வந்து போய்விட்டது. தாங்கமாட்டாமல் எழுந்து, ஒட்டிப்போன கையை உயரத் தூக்கினாள்.

தலைவர் நெகிழ்ந்தார். “கடைசி வரிசையிலிருந்தும் ஆதரவு!” அரங்கம் எழுந்து கைதட்டியது. ‘பாதிக்கப்பட்ட சமூகம் கையுயர்த்தி வரவேற்றது’ என்று குறிப்பேட்டில் ஏறியது.

“நான் பேசணும்னுல்ல கையத் தூக்குனேன்!”

“பேசுறதவிட இதுதான்க்கா பெருசு.”

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், பட்டாசு மருந்து கலக்கும் அறை ஒன்று வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேருமே சங்கத்துப் பெண்கள். இரண்டு பேர் அங்கேயே முடிந்தார்கள். மூன்றாமவள் மாரிச்செல்வியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸில் பொன்னுத்தங்கம் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் எம்புட்டுத் தூரம் மதினி?”

“வந்துட்டோம்த்தா. திருமங்கலம் வந்துட்டோம். கண்ண மூடாத.”

மாரிச்செல்வி மறுபடி கேட்கவில்லை. மிச்ச தூரம் முழுக்க அவள் தலை ஆடாமல் பொன்னுத்தங்கம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பத்தாம் நாள் விக்னேஷ்குமார் போன் செய்தார். மாமன்றத்திலிருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்திருக்கிறதாம். இன்றே கடைசி நாளாம்.

“ஒரே ஒரு கேள்விதான்க்கா பாக்கி. ‘பங்கேற்புக்குப் பின் உங்கள் பகுதியில் தீக்காயங்களுடன் வாழ்வோர் எண்ணிக்கை குறைந்துள்ளதா?’”

“குறைஞ்சிருக்கு தம்பி. மூணு பேரு செத்துட்டாக.”

படிவத்தில் விளக்கத்துக்கு இடம் இல்லை. விக்னேஷ்குமார் எண்ணை மட்டும் நிரப்பினார்.

அந்த ஆண்டு உலகத்திலேயே மாமன்றத்தின் தீக்காயக் குறைப்பு இலக்கை எட்டிய ஒரே ஊர் எம். புதுப்பட்டிதான்.