விரதம் இருந்த முயலும் முயல் டாக்டரும்

மனிதர்களையெல்லாம் 'வாய்யா, போய்யா' என்றும், முயலை மட்டும் 'வாங்க, உக்காருங்க' என்றும் கூப்பிட்ட ஒரே டாக்டர் இந்தத் தமிழ்நாட்டிலேயே அவராகத்தான் இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அவரை முயல் டாக்டர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் போர்டில் இருந்தது. படித்தவர் யாருமில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒற்றை அறை கிளினிக். முயல், கினியா பன்றி, வெள்ளெலி, லவ் பேர்ட்ஸ், இவைதான் பேஷன்ட்டுகள். யாராவது மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் போதும், "மாட்டுக்கு கவர்மென்ட்டே ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்குது. இவங்களுக்கு யார்யா இருக்காங்க?" என்று விரட்டுவார். மாட்டுக்காரர் 'இவங்க' யாரென்று சுற்றுமுற்றும் தேடுவார். மேஜைமேல் ஒரு வெள்ளெலி உட்கார்ந்திருக்கும்.

என் மகள் பிரியாவின் முயல் பஞ்சுவை முதல்முறை அங்கே தூக்கிக்கொண்டு போனபோது எனக்கும் தலை சுற்றியது.

"வாங்க, வாங்க. நல்லா தூங்குனீங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க சார், கொசு ஜாஸ்தி," என்றேன்.

"உன்னை யார்யா கேட்டா?"

சரி, முயலைத்தான் விசாரிக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். "சொல்லேன்யா! அவங்களா பேசுவாங்க?" என்று அதற்கும் திட்டு. பேச வேண்டுமா, கூடாதா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், கினியா பன்றியோடு வாரம் தவறாமல் வருவார். மனுஷன் கற்ற தமிழ் முழுக்க இந்தக் கிளினிக்கில் கற்றது. டீக்கடையில் கைகூப்பி, "வணக்கம். வெளிக்குப் போனீங்களா? கெட்டியா போச்சுங்களா?" என்று மாஸ்டரைக் கேட்பார். மாஸ்டர் பாவம், என்ன செய்வார்? "ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றுவார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு கார்த்திகை தீபம் வந்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நான் கிளார்க். தீபத்தன்று மலையில் ஜோதி தெரிகிறவரை எங்கள் வீட்டில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. "பஞ்சுவும் நம்ம வீட்டு ஆளுதானப்பா? அதுவும் விரதம் இருக்கட்டும்பா" என்றாள் பிரியா. எட்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பக்தி என்று எனக்குப் பூரிப்பு. முந்தின நாள் சாயங்காலமே புல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, "எங்க வீட்ல முயல்கூட விரதம்யா" என்று ஆபீஸில் பீற்றல் வேறு.

தீபம் தெரிந்ததும் நாங்கள் வடை பாயசத்தோடு விரதத்தை முடித்தோம். பஞ்சு முடிக்கவில்லை. கேரட் வைத்தோம், கொத்தமல்லி வைத்தோம், மூக்கைக்கூட நீட்டவில்லை. மறுநாள் காலையில் மூலையில் குறுகி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. "நான்தான்பா சொன்னேன். செத்துப்போச்சுன்னா நான்தானே காரணம்?" என்று பிரியா ஏங்கி ஏங்கி அழுதாள்.

கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு, பிரியாவையும் இழுத்துக்கொண்டு நடந்தே போனேன். வழியில் ஒரு அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்து, "வேண்டுதலாங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடையை மூடிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

டாக்டர் பஞ்சுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கடைசியா எப்ப சாப்ட்டாங்க?"

"விரதம் சார்..." என்று இழுத்தேன்.

"யோவ், படிச்சவன்தானே நீ! இவங்க மேய்ஞ்சிக்கினே இருக்கணும்யா. அரை நாள் நிறுத்தினாலே குடல் நின்னுடும். உனக்குப் புண்ணியம் வேணும்னா உன் வயித்தைக் காயப்போடு!"

"நான்தான் அங்கிள் சொன்னேன்," என்றாள் பிரியா.

டாக்டர் அவளைப் பார்த்தார். சத்தம் அப்படியே இறங்கிவிட்டது. "நீங்க அழாதீங்க. இப்படி வந்து பக்கத்துல உக்காருங்க. பாத்துக்கலாம்."

தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றினார். அகத்திக்கீரையை அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். பிறகு தரையில் சம்மணம் போட்டு, பஞ்சுவை மடியில் வைத்து வயிற்றை நீவ ஆரம்பித்தார். "ஒரே ஒரு புழுக்கை போடுங்க தாயே. அது வந்துட்டா பொழச்சுக்குவீங்க" என்று கெஞ்சல் வேறு. மத்தியானம் ஆயிற்று. மனுஷன் சாப்பிட எழுந்திருக்கவில்லை. கூண்டும் கையுமாகக் காத்திருந்தவர்களும் தங்கள் முறையைக் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

மூன்று மணி வாக்கில் டாக்டரின் மடியில் மிளகு அளவில் கறுப்பாக ஒன்று விழுந்தது.

"போட்டுட்டாங்க!" என்று பிரியா கத்தினாள். டாக்டர் இரண்டு கையையும் தூக்கி, "அரோகரா!" என்றார். உள்ளே இருந்தவர்களும் "அரோகரா!" ரோட்டில் போய்க்கொண்டிருந்த கூட்டம் சும்மா இருக்குமா? "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று செங்கம் ரோடே முழங்கியது. எதற்கு முழங்கினோம் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மாத்திரை எழுதித் தள்ளுகிறார். பஞ்சுவை மடியில் போட்டு ஒரு பகல் முழுக்க நீவிக்கொடுத்த அந்த மனுஷனை அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். முயலாகப் பிறக்காமல் போனோமே என்றிருக்கும்.