பாதம் இன்னும் வரவில்லை

ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
2002 வைகாசி, வியாழக்கிழமை

திருவஹீந்திரபுரம் அத்திம்பேர் ஸ்ரீ உ.வே. சடகோபாச்சாரியார் ஸ்வாமி திருவடிகளில் மைத்துனன் தேவராஜன் தெண்டன் ஸமர்ப்பித்து எழுதிக்கொள்வது. பேரருளாளன் கிருபையால் இங்கே அடியேன், ரமாமணி, டெலிபோன், கம்ப்யூட்டர் ஆகிய நால்வரில் மூவர் க்ஷேமம். அங்கே தேவரீரும் அக்காவும் க்ஷேமமாக இருப்பது, தினமும் சாயங்காலம் தேவரீரே போனில் கூப்பிட்டுச் சொல்வதால் நன்றாகத் தெரிகிறது. இந்தக் கடிதமும் அந்தப் போனைப் பற்றித்தான். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று தேவரீர் நினைக்கலாம். தேவரீர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது அதைவிட மரியாதைக் குறைவு. தேவரீர் பேச்சை நிறுத்தும்போது போனையும் வைத்துவிடுகிறீர்கள். அடியேன் வேறு என்ன செய்வது?

ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஜாஹ்னவி பெங்களூரில் வேலை பார்ப்பதும், அவளுக்கு வந்த ஜாதகங்களையெல்லாம் தேவரீர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டதும் தெரிந்த சங்கதி. போன வாரம் அவளே கூப்பிட்டாள். "அப்பா, நான் ஒருத்தரைப் பாத்து வெச்சிருக்கேன். போட்டோ மெயில்ல அனுப்பியிருக்கேன். மொதல்ல முகத்தைப் பாருங்கோ. பேரு, ஊரு எல்லாம் அந்தப் படத்துக்குள்ளயே அடியில எழுதியிருக்கேன்" என்றாள். பேரையாவது சொல்லேண்டி என்றேன். "முகத்தைப் பாத்தப்பறம்தான் பேரு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அங்க வரதா இருக்கோம். பாத்துட்டு நீங்க வேண்டாம்னா, நான் மட்டும் வரேன். அதுக்கப்பறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். கடைசி வார்த்தை சொல்லும்போது குழந்தையின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொன்னால் சொன்னதைச் செய்கிறவள் அவள். அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தோம். அது டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கூப்பிடும்போது ஒரு கூச்சல் போடும் பாருங்கள், பூனை வாலைக் கதவிடுக்கில் நசுக்கினாற்போல, அதெல்லாம் ஆகி மெயில் திறந்தது. படம் மேலிருந்து கீழே, திரைச்சீலையை மெல்ல இறக்குகிற மாதிரி, இத்தனூண்டு இத்தனூண்டாக வந்தது. முதலில் ஒரு சுவர் வந்தது. சுவர் வெகுநேரம் வந்தது. ரமாமணி நடுவில் எழுந்து போய் உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தாள், அப்போதும் சுவர்தான். பிறகு தலைமயிர். பிறகு நெற்றி. நெற்றியில், அத்திம்பேர், பளிச்சென்று இரண்டு கோடு, நடுவில் ஒரு கோடு. "பெருமாளே, நம்மவாதான்" என்று ரமாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தோடு படம் நின்றுவிட்டது. உடனே போன் மணி அடித்தது. தேவரீர்தான்.

திருமண் வரைக்கும் தெரிகிறது என்று அடியேன் சந்தோஷமாகச் சொன்னதற்கு, "பாதம் இருக்கா?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்வியில் எங்கள் தூக்கம் போயிற்று. கோடுகள் புருவத்துக்கு மேலே வளைந்து சேர்ந்துவிட்டால் வடகலை, நம்மவா. கீழே மூக்குத் தண்டில் ஒரு பாதம் இறங்கினால் தென்கலை. படமோ நெற்றியின் நடுவிலேயே நிற்கிறது. இந்த மூக்குத் தண்டு விவகாரத்துக்காக இந்த ஊரில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தேவரீருக்கு அடியேன் சொல்ல வேண்டியதில்லை. "நடுக்கோடு மஞ்சளா, சேப்பா? அதைப் பாத்தாலே தெரியுமேடா" என்றும் கேட்டீர்கள். எங்கள் கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். சுவரே சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் ஒன்று. திருமண் இட்டிருக்கிற நேர்த்தி இருக்கிறதே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வராது. இடது கோடு ஒரு நூல் கூடுதல் தடிமன், அடியேன் இட்டுக்கொள்வது மாதிரியே. நல்ல அகத்துப் பிள்ளை, தகப்பனார் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அப்போதே நினைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் விற்ற சிட்டிபாபுவைக் கூப்பிட்டேன். அவன் குடும்பம் தலைமுறையாக ஜரிகை வியாபாரம், அவன்தான் திடீரென்று கம்ப்யூட்டருக்கு வந்தவன். பேச்சு மட்டும் இன்னும் தறியை விட்டு இறங்கவில்லை. "சார், பாவுல சிக்கு விழுந்தா ஊடை ஓடுமா? உள்ள குப்பை சேர்ந்துக்கினு இருக்குது சார், அதான் ஸ்லோ" என்று சொல்லி, பழைய ஃபைல், தற்காலிக ஃபைல் என்று எதையெதையோ அழித்தான். அதுவரை இறங்கி உள்ளே தங்கியிருந்த பாதி நெற்றியும் குப்பையோடு போயிற்று. ரமாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "மறுபடி வந்துடும்மா, மேலேர்ந்து வரணும், அவ்ளோதான்" என்றான். மறுபடி சுவரிலிருந்து ஆரம்பம். அன்றைக்கு மயிர் வரைக்கும் வந்து நின்றது, தேவரீர் போன் வந்தது, "பாதம் இருக்கா?" என்றீர்கள். தலையே இன்னும் முழுசாக வரவில்லை என்றேன். "என்னடா வாத்தியார் நீ, பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன்தானே" என்றீர்கள். உண்மைதான். முப்பது வருஷம் பையன்களுக்கு மின்சாரம் நடத்தினேன். அது அடியேன் சொன்னபடி நடந்துகொண்டது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான்.

பிறகு லைன்மேன் தர்மன் ஐயம்பேட்டையிலிருந்து வந்தார். கூரையில் ஏறினார், கம்பியைத் தொட்டார், கொல்லைப்பக்கம் போனார், போனவர் அங்கேயே நின்று சிரிக்கிறார். கொல்லைக்கு மேலே போகும் போன் கம்பியில் ரமாமணியின் ஒன்பது கெஜம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. மடித்துணி அல்லவா, யார் கையும் படாத உயரத்தில் உலர்த்த வேண்டும். கொம்பால் தள்ளிப் போடுவதற்கு அதைவிட மடியான இடம் எங்கள் அகத்தில் கிடையாது. "அம்மா, ஈரப் பொடவைய லைன் மேல போட்டுக்கினு இருந்தா எப்படிம்மா பேசும்? இழுத்து இழுத்து ஜாயிண்டே விட்டுப்போச்சும்மா" என்றார். "நான் என்ன கண்டேன். பேச்சு உள்ள போறதுன்னா வெளில நனைஞ்சா என்ன?" என்றாள் இவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடியேனிடம் அவள் கற்றுக்கொண்ட பௌதிகம் அவ்வளவுதான். தர்மன் கம்பியை மாற்றினார். புடவை இப்போது மாடிப்படியில் உலர்கிறது, அதைத் தாண்ட முடியாமல் அடியேன் மாடிக்கே போவதில்லை. வேகம் கொஞ்சம் கூடியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவர் சட்டென்று முடிந்தது, மயிர் முடிந்தது, திருமண் பாதிக்கு மேல் இறங்கியது, போன் மணி அடித்தது.

அப்போதுதான் ரமாமணி, அத்திம்பேர் மன்னிக்க வேண்டும், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "இது நிக்கறப்பல்லாம் உங்க அத்திம்பேர் போன்தான் வர்றது. கவனிச்சேளா?" என்றாள். அபவாதம், படம் நின்ற வருத்தத்தில் பேசுகிறாய் என்று அதட்டினேன். ஆனால் மனசுக்குள் ஒரு நெருடல். நாங்கள் இன்டர்நெட் போட்டால் போன் எப்போதும் எங்கேஜ்டாகவே இருக்கிறது என்று தைமாதம் தேவரீர் கோபித்துக்கொண்டு, 'கால் வெயிட்டிங்' என்று ஒரு வசதி இருக்கிறதாம், போட்டுக்கொள் என்று கட்டளையிட்டீர்கள். போட்டுக்கொண்டேன். ஒரு பேச்சு நடக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் காதில் 'கீங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மனுஷனுக்கு மரியாதை. கம்ப்யூட்டருக்கு அது தாங்காதோ என்று தோன்றியது.

பௌதிக வாத்தியார் சந்தேகத்தோடு விடமாட்டான், பரிசோதனை செய்தே தீருவான். நேற்று ஜாஹ்னவியின் படத்தைத் திறந்து விட்டு, ரமாமணியை அதன் எதிரே உட்கார வைத்து, அடியேன் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய் எங்கள் அகத்து நம்பரையே சுழற்றினேன். வேகமாக நடந்து திரும்பி வந்தேன். ரமாமணி வாசலிலேயே நிற்கிறாள். "நின்னுடுத்து" என்றாள். அடியேனுக்கு ஒரே ஆனந்தம், கண்டுபிடித்துவிட்டேன் என்று. "புருவம் வரைக்கும் வந்துடுத்து. இன்னும் ஒரு நூல் எறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்கதான் கூப்ட்டு நிறுத்தினேள்" என்றாள். அன்றைக்குத் தேவரீர் கருடசேவைக் கூட்டத்தில் சிக்கியிருந்தீர்களோ என்னவோ, கூப்பிடவே இல்லை. இத்தனை நாளில் தேவரீர் கூப்பிடாத ஒரே சாயங்காலம், அடியேன் கூப்பிட்டுக் கெடுத்தேன். ரமாமணி என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு நாள் ஆகிறது. அடுப்படியில் தளிகை மட்டும் நடக்கிறது.

ஆகையால் அடியேனின் விண்ணப்பம் இதுதான். கால் வெயிட்டிங் வசதியை எடுத்துவிடும்படி இன்று காலையில் எழுதிக்கொடுத்துவிட்டேன். இனிமேல் எங்கேஜ்ட் சத்தம் கேட்டால் தேவரீர் கோபிக்கக் கூடாது. அதற்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை வரை தயவு செய்து கூப்பிடாமல் இருந்தால் பெரிய உபகாரம். பாதம் இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்ததும் அடியேனே கார்டு போடுகிறேன். இருந்தால் அந்தச் சம்பந்தம் நம் வம்சத்தில் நடக்காது என்று தேவரீர் சொன்னதை ரமாமணியும் ஆமோதிக்கிறாள். அடியேனுக்கு எதிர்வீட்டுத் தென்கலைக்காரரோடு தினமும் பேப்பர் பரிமாற்றம் உண்டு, ஆனாலும் சம்பந்தம் என்பது பேப்பர் இல்லை என்பது அடியேனுக்கும் தெரியும். குழந்தை மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்தக் குரலை நினைத்தால் சாதம் இறங்க மாட்டேன் என்கிறது.

அக்காவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே தேவநாதப் பெருமாள் தேவரீர் இருவருக்கும் நீண்ட ஆயுளும், போனுக்கு நீண்ட ஓய்வும் அருள வேண்டும். ரமாமணி ஸேவித்துக்கொண்டதாக எழுதச் சொன்னாள். இந்த ஒன்றை மட்டும் பேசினாள்.

இப்படிக்கு,
தேவரீர் திருவடி மறவாத
தேவராஜன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று சாயங்காலமே வசதியை எடுத்துவிட்டார்கள். தேவரீர் கூப்பிட்டிருப்பீர்கள், எங்கேஜ்ட் கேட்டிருக்கும். படம் ஒரு தடங்கலும் இல்லாமல் முழுசாக இறங்கியது. பாதம் இல்லை. கோடுகள் புருவத்துக்கு மேலேயே அழகாக வளைந்து சேர்ந்துவிட்டன. "பாதம் இல்லை ரமா" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். அவள் அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு அக்காரவடிசலுக்கு அரிசி களைய ஆரம்பித்தாள்.

படம் அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டிருந்தது. பையனுக்கு நல்ல மூக்கு, நல்ல சிரிப்பு. பக்கத்தில் ஜாஹ்னவி, கையில் திருமண் பெட்டியோடு, கண்ணில் ஜலம் வரச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் வேஷ்டி கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஆபீசில் ஏதோ விழாவாம், அடியில் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே எழுதியிருந்தது: "யேசுதாஸ், நாகர்கோவில். நாமம் மட்டும் நான் போட்டது, அப்பா போட்டுக்கற மாதிரியே."

அத்திம்பேர், அந்தத் தடித்த இடது கோடு அடியேனுடையது. சின்னதில் கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் இட்டுக்கொள்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. பையனை எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம். கை தானாகப் போய் "ரெண்டு பேரும் வாங்கோ" என்று பதில் மெயில் தட்டிவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளில் எதையும் இவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை, ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

ரமாமணி ஈரக்கையோடு படம் பார்க்க வந்தாள். அவசரத்தில் திரையை அணைத்துவிட்டு, ஸ்லோவாக இருக்கிறது என்றேன். "இன்னிக்கு உங்க அத்திம்பேர் போனே வரலையே. பின்ன எப்படி ஸ்லோ?" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தேவரீர் மறந்துவிட வேண்டும். கால் வெயிட்டிங் மறுபடி வேண்டும் என்று நாளைக் காலையில் எழுதிக்கொடுக்கிறேன். இவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வருகிற வரை, தேவரீர் தினமும் சாயங்காலம் தவறாமல் கூப்பிட வேண்டும். இந்தச் சம்பந்தத்தில் தேவரீருக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தை நேரில் வந்தோ, கடிதத்திலோ காட்டாமல் போனிலேயே காட்டும்படியும், எவ்வளவு நேரம் ஆனாலும் பாதியில் வைக்காமல் திட்டும்படியும் பிரார்த்திக்கிறேன்.