கெஜட்டில் விழுந்த டச்சுக்காரர்

மனித குலம் இதுவரை அமைத்த குழுக்களிலேயே மகத்தானது எங்கள் 'சரித்திர நகரச் சீரமைப்புக் குழு'. அதன் செயலாளனாகிய நானே இதைச் சொல்வது தற்பெருமை ஆகாது. சொல்வதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

1972இல் பழவேற்காட்டை 'ஆராய' ஜீப்பில் போய் இறங்கினோம். சந்தை நாள். மீன் கூடை, சைக்கிள், மாட்டு வண்டி, மனிதர்கள் என்று ஒரே நெரிசல். உயிரோடு இருப்பவர்கள் இத்தனை பேர் குறுக்கே நடமாடினால் சரித்திரத்தை எப்படிப் பார்ப்பது? உடனே தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தத் தீர்மானம் போட்டோம். தலைவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன், டிரைவர் ஆட்சேபிக்கவில்லை.

கிடைத்தவன் மணவாளன், ஏரியில் இறால் பிடிப்பவன். கூலி என்ன என்று கேட்டேன்.

"கூலி வாணாம் சார். நான் காட்ற எடத்துலெல்லாம் நின்னு பாக்கணும். அதான் கூலி."

முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைகள். தலைவர் தொப்பியைக் கழற்றினார். முந்நூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களுக்காக அவர் கண் கலங்கியதைக் குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

அடுத்து மணவாளன் தன் குப்பத்துக் கிணற்றருகே நிறுத்தினான்.

"இது ஒண்ணுதான் சார் நல்ல தண்ணி. தூந்து பூடுச்சி. பொம்பளைங்க ரெண்டு மைலு நடந்து தண்ணி தூக்கிக்கினு வராங்கோ. தூர் வாரச் சொல்லி எய்திப் போடுங்க."

"இதில் சரித்திரம் என்ன இருக்கிறது?" என்றார் தலைவர்.

"என் பொண்டாட்டி இடுப்பு ஒடிஞ்சதுதான் இருக்குது சார்."

"அது நடப்பு. நடப்புக்கு வேறு இலாகா."

தலைவர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். மணவாளன் பதறி ஓடிவந்தான். "சார்! சொல்ல மறந்துட்டன்! ஒரு டச்சுக்காரத் தொரை இதுலதான் உயுந்து செத்தாரு!"

கால் கீழே இறங்கியது. "பெயர்?"

மணவாளன் திரும்பிப் பார்த்தான். குடத்தோடு நின்றிருந்த அவன் மனைவி கெங்கம்மாள், "செத்தவருக்கு இன்னா பேரு? தொரைதான்" என்றாள்.

'பெயர் ஆய்வுக்குரியது' என்று எழுதிக்கொண்டேன்.

"எப்படி விழுந்தார்?"

"தண்ணி சேந்தறப்போ" என்றான் மணவாளன்.

"துரை தாமே தண்ணீர் சேந்தினாரா! என்ன எளிமை!" தலைவர் உருகிப் போனார்.

மூன்றே மாதத்தில் அரசு கெஜட்டில் ஆணை வந்தது. கிணற்றைச் சுற்றி முள்வேலி, கதவு, பூட்டு. அழகான பலகை ஒன்றும் நட்டோம்: 'பாதுகாக்கப்பட்ட சரித்திரச் சின்னம். தூர் வாருதலும் நீர் இறைத்தலும் தண்டனைக்குரியவை.'

திறப்பு விழாவில் மணவாளன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "தொரை எவனும் கெணத்துல உயல சார். நாந்தான் பொய் சொன்னேன். ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டிக்கினு கீறாங்க. வேலிய எடுத்துடுங்க."

பாமரனிடம் கோபித்துப் பயனில்லை. பொறுமையாக விளக்கினேன்: "நீ சொன்னபோது அது பொய்யாக இருந்திருக்கலாம். கெஜட்டில் வந்தபின் அது உண்மை."

கெங்கம்மாள் காலிக் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்டின்னா, நாங்களும் இங்க உசுரோட கீறோம்னு அதுல ஒரு வரி போடுங்க சார். அப்பவாவது நம்புவீங்களா?"

கோரிக்கையைத் தலைவரிடம் முறைப்படி தெரிவித்தேன்.

"அதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார்.