முழங்கைக்கு ஹெல்மெட் போடுபவர்

நம் மலையில் ஒரு வகை மனிதர் உண்டு. ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவே எந்த வளைவில் நின்றாலும் கண்ணில் படுவார். ஹெல்மெட் வாங்கியிருப்பார், நல்லதாகவே வாங்கியிருப்பார், அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவார். ஏன் என்று கேட்டால் பனியில் கண்ணாடி மங்குகிறது என்பார், காது அடைக்கிறது என்பார், தலையில்தான் கம்பளிக் குல்லா இருக்கிறதே என்பார், எதுவும் எடுபடாவிட்டால் "அடுத்த வளைவுதானுங்களே" என்பார். போலீஸ் நிற்கும் இடத்தில் ஹெல்மெட் தலைக்கு ஏறும். இரண்டு வளைவு தாண்டியதும் இறங்கிவிடும். மூளை கட்டித் தயிர் மாதிரி, லேசான அடிக்கே உள்ளுக்குள் குலுங்கிவிடும் என்று சொல்லிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்பார். கேட்டு என்ன? முழங்கைதான் பத்திரமாக இருக்கும்.

வசந்த்குமார் இந்த வகை. நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். அரைத்துப் பரப்பி வைத்த இலையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, பதம் வந்துவிட்டதா என்று சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்த மூக்கு தப்பாகச் சொன்னதில்லை.

போன ஆடி மாதச் சாரலில் பைக் வழுக்கி, பின்மண்டை சாலையோரக் கல்லில் இடிக்க விழுந்தார். தானாகவே எழுந்தார். முழங்கையில் கீறல்கூட இல்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் தபித்தாள் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லீங்க்கா. ஒரு டீ போடுங்க."

குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒரு டீ போடுங்க."

"இப்பத்தானுங்க குடிச்சீங்க."

"அப்படீங்களா." காலி கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒரு டீ போடுங்க."

தபித்தாள் அடுப்பை அணைத்தார், பைக் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார், அந்தப் பக்கம் வந்த ஜீப்பை மறித்து அவரை ஏற்றித் தானும் ஏறினார். ஊட்டி வரும் வரை வசந்த்குமார் எங்கே போகிறோம் என்று பதினோரு முறை கேட்டார். ஸ்கேனில், மூளையின் முன்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது.

"அடி பின்னாடிதானுங்களே பட்டுச்சு?" என்றார் தபித்தாள்.

"பின்னாடி பட்டா, மூளை முன்னாடி போய் இடிக்கும்ங்க," என்றார் டாக்டர்.

ஒன்பது நாளில் வீடு திரும்பினார். நன்றாக நடந்தார், தெளிவாகப் பேசினார். பிழைத்ததே பெரிது என்று ஊர் சொன்னது. பத்தாம் நாள் மனைவி சசிரேகா துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடெல்லாம் தீய்ந்த வாசம். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பால் தீயற வாசம் தெரியலீங்களா?"

அவர் எழுந்து போய் பாத்திரத்தின் மேல் குனிந்து முகர்ந்தார். பிறகு காபிப்பொடி டப்பாவைத் திறந்தார். பெருங்காயத்தைத் திறந்தார். ஒவ்வொன்றையும் மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். "தெரியலீங்க," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மனைவியை 'ங்க' போட்டுப் பேசினார்.

மூக்கில் கோளாறில்லை, வாசனை மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இப்போது ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் இடத்தில் நிற்கிறார். ஹெல்மெட் தலையில் இருக்கிறது, வாரைக்கூட இறுக்கிப் பூட்டுகிறார். யாரும் பார்க்காதபோது உள்ளே போய் ஒரு பிடி இலை அள்ளி முகர்ந்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவர் இதை நேற்றே படித்துவிட்டார். உங்களுக்கு அனுப்பினால் கோபித்துக்கொள்வீர்களோ என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.