பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பாதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து மேலும் கீழும் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான்; கைதான் கோட்டை மதிக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம். வெளியே தலை காட்டத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தடுப்பூசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேனா, கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய தாள். இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து, எழுத்து கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடிகிறதா? உரக்கப் படித்தேன். நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டாம். இரவும் பகலும் ரோந்து சுற்றுமாம். கிருமி நுழைந்தால் அப்படியே விழுங்கிவிடுமாம். புண்ணில் வரும் சீழ்கூடச் சண்டையில் செத்த அணுக்கள்தானாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்குள்ளே இத்தனை காவல்காரர்களா!

பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநர், "அப்போ ஊசி எதுக்குப் பெரியவரே?" என்றார்.

"அதானே! உள்ளேயே பட்டாளம் இருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். ஊசிக்குப் பயந்த கூட்டம், யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. கலைந்துவிட்டது. அந்த ஜோரில்தான் உனக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு அடுத்த மாத ஊசி வேண்டாம் என்றேன். நீயும், "அப்பாவே படிச்சுச் சொல்றீங்க, சரிப்பா" என்றாய். அந்தச் "சரிப்பா" இன்னும் குத்துகிறது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சு காலி. அதுவரை ஆட்கள் மறைத்திருந்த தாளின் கீழ்ப்பாதி தெரிகிறது. புதுக் கிருமியை அடையாளம் கண்டு அதற்கேற்ற ஆயுதம் செய்ய அணுக்களுக்குப் பல நாள் ஆகுமாம். அதற்குள் நோய் முந்திவிடலாமாம். ஒருமுறை பார்த்துவிட்டால் சில அணுக்கள் மறக்காதாம். ஊசி என்பது கிருமியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பதாம். அடையாளச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் ஆலை வாசலில் காவலுக்கு நின்று, முகம் பார்த்தே ஆள் விட்டவன் நான். சீருடை போட்டு வந்த திருடனுக்கு முதல் தடவை சலாம் வைத்து உள்ளே விட்டேன். மறுதடவை தெருமுனையிலேயே பிடித்தேன். எனக்கே இது புரியவில்லையென்றால் என்ன சொல்வது!

நர்ஸம்மா வெளியே வந்து, "தாத்தா, மருந்துக் குப்பியைத் திறந்துட்டேனே, இன்னைக்கே போடலேன்னா வீணாப்போயிடுமே, ஆளுங்க எங்கே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். "இவரு பாதிதான் படிச்சாராம், வாங்க" என்று வாசலுக்கு வாசல் சொன்னார். லாரி ஓட்டுநர் கதவிடுக்கிலிருந்து, "மீதியை நாளைக்குப் படிச்சிருக்கக் கூடாதா பெரியவரே?" என்று கேட்டார்.

உன்னிடம் போனில் சொல்லப் பார்த்தேன். மாப்பிள்ளை எடுத்து "மாமா" என்றதும் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்: பிள்ளைக்கு ஊசி போட்டுவிடு. தாளை முழுவதும் படித்துவிட்டேன், சத்தியம். பிள்ளை நோய்நொடி அண்டாமல் வளர்ந்து, எதையும் கடைசிவரை படிக்கட்டும்.

வெட்கத்துடன்,
உன் அப்பா

பின்குறிப்பு: தபால்பெட்டிக்குப் போகிற வழியில் அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். பெருக்குவதற்காகப் பெஞ்சை நகர்த்தியிருந்தார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது. கண்ணாடி கொண்டுபோகவில்லை. அதற்காக நீ காத்திருக்காதே. என்னைக் கேட்காதே, உங்கள் ஊர் நர்ஸம்மாவைக் கேட்டு ஊசியைப் போட்டுவிடு. அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறதென்று மட்டும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.