ஒரு லெட்சுமியை அழித்த கதை

அரைகுறையாகப் படித்துவிட்டு முழுசாகப் பேசுவதில் ஜொகூரிலேயே என்னை அடிக்க ஆளில்லை.

தெப்ராவ் தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்த புதிது. தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். சும்மா இருந்தால் போதும். (அது தெரிந்திருந்தால் ஏன் கட்டுரை எழுதுகிறேன்?)

வியாழக்கிழமை, கம்பெனி பேருந்தில் வரும் தொழிலாளர் பட்டியலைக் கணினியில் பார்த்துவிட்டு, மூத்த குமாஸ்தா சரோஜா அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, இது ரிலேஷனல் டேட்டாபேஸே இல்ல."

"சாஃப்ட்வேர் வந்த பொட்டி மேலயே அப்படித்தான் போட்டிருக்கே லா."

"பொட்டியில என்ன வேணா போடுவாங்க. உண்மையான ரிலேஷனல்னா ஒரே வரி ரெண்டு தடவ வரக்கூடாது. இது விடுது பாருங்க."

"பஸ்சு நேரத்துக்கு வருதுல்ல? போய் வேலையப் பாரு தம்பி."

பார்த்தேன். அக்கா சாப்பிடப் போனதும், 'லெட்சுமி த/பெ முனியாண்டி, மாசாய், காலை ஷிஃப்ட்' என்று அச்சு அசலாக இருந்த இரண்டு வரிகளில் ஒன்றைத் தூக்கினேன். கும்பாபிஷேகம் நடத்தி முடித்த நிறைவு.

மாசாய் அடுக்குமாடிக்குக் கீழே நின்று "லெட்சுமி!" என்று கத்தினால் பதினோரு ஜன்னல் திறக்கும். அங்கேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நான் படித்த புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளி காலை, கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"என் பேர அழிச்சது யாரு? லிஸ்டுல ஒரு லெட்சுமிதான்னு டிரைவரு இன்னொரு லெட்சுமியம்மாவ மட்டும் ஏத்திட்டுப் போயிட்டாரு!"

"அலமாக்!" என்ற சரோஜா அக்கா, விரலால் என்னைக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே வரியா இருந்துச்சுங்க..."

"அவங்களுக்கு மூணு பேரப்புள்ள. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா?"

பின்னால் மேலாளர் நின்றிருந்தார். விடுவேனா? "சார், உண்மையான ரிலேஷனல் சிஸ்டமா இருந்தா, தனி அடையாளம் இல்லாத வரிய உள்ளயே விட்டிருக்காது."

"ரெண்டு பேருக்கும் தொழிலாளர் நம்பர் இருக்கே. அதச் சேர்க்கத் தோணல, அழிக்கத்தான் தோணுச்சா?"

கையெழுத்து மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுவரை தினமும் காலையில் மாசாய் பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஒவ்வொருவரின் எண்ணையும் நேரில் கேட்டுக் குறிக்க வேண்டும் என்று தண்டனை. அந்த லெட்சுமி முதல் மாதம் எண்ணை மட்டும் சொன்னாள். இரண்டாம் மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாம் மாத முடிவில் வேலையும் நிரந்தரம், அவளும் நிரந்தரம்.

இப்போதும் வீட்டில் ஒரு காலுறை தொலைந்தாலும், அடுக்களையிலிருந்து லெட்சுமி கேட்பதற்குள் என் மகள் கேட்டுவிடுவாள்:

"அப்பா, ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா?"